எல்இடி சேசர் கிட்: கை பக்கத்துல போனா ஓடுது, எடுத்தா நிக்குது, எந்த ஜாயிண்டைச் சந்தேகப்படறது?

மின்மினி_பையன்
எல்லாருக்கும் வணக்கம். முதல் தடவையா ஒரு கிட் சால்டர் பண்ணிருக்கேன், கிளாக் துடிப்பு குடுக்கற 555 ஐசி ஒண்ணு, அந்தத் துடிப்பை எண்ணி எல்இடியை ஒவ்வொண்ணா எரிய வைக்கிற 4017 ஐசி ஒண்ணு வச்சு பத்து எல்இடி வரிசையா ஓடுமே அந்த சேசர் தான். ரெண்டு ஐசிக்கும் சாக்கெட் இருக்கு, போர்டு ஒரு பக்கம் மட்டும் காப்பர் உள்ள பிரவுன் கலர் போர்டு. 9 வோல்ட் பேட்டரி மாட்டினா ஒரே ஒரு எல்இடி எரிஞ்சு அப்படியே நிக்குது, கழட்டி மாட்டினா வேற ஏதோ ஒண்ணு எரியுது. ஆனா கையை ஐசி பக்கத்துல கொண்டுபோனா எல்லாம் படபடன்னு ஓடுது, கையை எடுத்தா மறுபடி நின்னுடுது. நிக்கும்போது சில நேரம் 7வதும் 8வதும் சேர்ந்து மங்கலா எரியுது, சில நேரம் ஒண்ணுமே எரியாம இருக்கு. 4வது எல்இடி மட்டும் இதுவரைக்கும் எரிஞ்சதே இல்ல.

அடியில பாத்தா பாதி ஜாயிண்ட் உருண்டை உருண்டையா நிக்குது, சிலது மங்கலா சொரசொரன்னு இருக்கு, 4வது எல்இடி கால் பக்கத்துல காப்பர் லேசா தூக்கிட்டு நிக்கிற மாதிரி தெரியுது. எல்லா ஜாயிண்டையும் மறுபடி சூடு பண்ணி உருக்கிடலாமா, இல்ல ஐசியே போயிருக்குமா?

பழைய_ரேடியோ
தம்பி, அயர்னை இப்போதைக்கு கீழ வைங்க. எதையும் உருக்க வேண்டாம். நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு, அதை முதல்ல படிப்போம்.

கை பக்கத்துல போனா ஓடுதுன்னா 4017 ஐசி நல்லா உயிரோட இருக்கு. அது சீமாஸ் ஐசி, அதோட இன்புட் கால் எதோடயும் சேராம தொங்கிட்டு இருந்தா உங்க கையில இருக்கிற கரண்ட் லைன் ஹம், அந்த 50 ஹெர்ட்ஸோ 60 ஹெர்ட்ஸோ, அதையே கிளாக்னு நினைச்சு எண்ணிட்டுப் போகும். 4017ல கிளாக் வர்ற கால் 14. 555ல அவுட்புட் 3வது கால். இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ கட். அதான் முதல் சந்தேகம். சேசர் கிட்ல 13வது காலும் 15வது காலும் கிரவுண்ட்ல இருக்கணும், அது ரெண்டையும் கூட பாத்துக்கோங்க, ஆனா ஓடவாவது செய்யுதுங்கறதால எனக்கு 14 மேல தான் கண்ணு.

அடுத்தது 7, 8 சேர்ந்து எரியறது. 4017ல கால் வரிசை எல்இடி வரிசைப்படி இருக்காது. 7வது எல்இடிக்குப் போறது 5வது கால், 8வதுக்குப் போறது 6வது கால். பக்கத்து பக்கத்து கால்! அங்க ஈயம், அதாவது உருகின சால்டர், ரெண்டையும் சேத்து பிரிட்ஜ் ஆயிருக்கும். ஒண்ணு மேல இழுக்குது இன்னொண்ணு கீழ இழுக்குது, வோல்டேஜ் நடுவுல மாட்டிக்குது, ரெண்டும் மங்கலா எரியுது.

ஒண்ணுமே எரியாம நிக்கிறது 4வது எல்இடியோட முறை வரும்போது. அது 7வது கால்ல இருந்து வருது. நீங்க சொன்ன தூக்கின பேட் (கால் சால்டர் ஆகற காப்பர் வட்டம்) அந்த எல்இடியோடதுன்னா விஷயம் முடிஞ்சுது. எல்இடி திருப்பி மாட்டியிருந்தாலும் இதே மாதிரி தான் இருக்கும், அதனால தட்டையா இருக்கிற பக்கம் போர்டுல உள்ள படத்தோட பொருந்துதான்னு முதல்ல பாத்துடுங்க.

ஆக மூணு தனித்தனி கோளாறு. அடியில போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் பாத்து, என்ன தெரியுதுன்னு எழுதுங்க.

வேகமா_முடி
இவ்ளோ யோசிக்க வேணாம் ப்ரோ. மொத்தமா ஐம்பது அறுபது ஜாயிண்ட் இருக்குமா, எல்லாத்துலயும் அயர்ன் வச்சு இன்னும் கொஞ்சம் ஈயம் குடுத்துட்டு வாங்க, டிரை சால்டர், அதாவது சரியா பிடிக்காத ஜாயிண்ட், எல்லாம் சரியாயிடும். நான் எந்த கிட் ஓடலன்னாலும் இதைத்தான் முதல்ல பண்ணுவேன், பாதிக்கு மேல ஓடிடும்.

லேப்_அக்கா
@வேகமா_முடி இதை நான் ஒத்துக்க மாட்டேன். ஓடிடும்ங்கறது உண்மை தான், ஆனா ஒரு பக்கம் மட்டும் காப்பர் உள்ள போர்டுல பேட் வெறும் பசையில ஒட்டிக்கிட்டு இருக்கு, ஓட்டைக்குள்ள காப்பர் பூச்சு கிடையாது. ஒவ்வொரு தடவை சூடு குடுக்கும்போதும் அந்தப் பசை இளகுது. நல்லா இருக்கிற ஜாயிண்டையும் சேத்து உருக்கினா இப்ப ஒரு பேட் தூக்கியிருக்கு, அப்புறம் நாலு பேட் தூக்கும். இன்னொண்ணு, உருண்டையா நிக்கிற ஜாயிண்ட்ல குறை ஈயம் இல்ல. ஈயம் அங்க ஏற்கனவே அதிகம்.

நான் லேப்ல புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு திரும்பத் திரும்ப சொல்றது இதைத்தான். ஈயம் ஒட்டுறது பசை ஒட்டுற மாதிரி வேலை இல்ல. உருகின ஈயத்துல இருக்கிற டின் (வெள்ளீயம்) காப்பரோட சேர்ந்து ரொம்ப மெலிசா ஒரு புது லேயர் உண்டாகணும், அது உண்டாக ரெண்டு விஷயம் வேணும்: காப்பர் மேல ஆக்ஸைடு இருக்கக் கூடாது, காலும் பேடும் ரெண்டுமே ஈயம் உருகற சூட்டுக்கு மேல போயிருக்கணும். ஆக்ஸைடை எடுக்கறது ஃப்ளக்ஸ். சூடு குடுக்கறது அயர்ன். இதுல ஏதாவது ஒண்ணு குறைஞ்சாலும் ஈயம் தாமரை இலைத் தண்ணி மாதிரி ஒட்டாம உருண்டு நிக்கும்.

அதனால கெட்டுப்போன ஜாயிண்டுக்கு முதல் மருந்து ஃப்ளக்ஸ். ஈயக் கம்பிக்குள்ள இருக்கிற ஃப்ளக்ஸ் முதல் தடவையே எரிஞ்சு போயிடுது, பழைய ஈயத்தை சும்மா உருக்கினா ஃப்ளக்ஸே இல்லாம உருக்கறோம், அதான் அது வாலு வாலா இழுத்துக்கிட்டு வரும். ரோசின் ஃப்ளக்ஸ் ஒரு துளி ஜாயிண்ட் மேல வைங்க. டிப்போட பக்கவாட்டை காலும் பேடும் ரெண்டும் சேர்ற மூலையில வைங்க, நுனியை இல்ல, பக்கவாட்டை. ரெண்டு மூணு செகண்ட். ஈயம் பளிச்சுன்னு இளகி பேட் முழுக்க தானா பரவறது கண்ணுக்குத் தெரியும், அந்த நொடியில அயர்னை எடுத்துடணும், போர்டை ஆட்டாம விடணும். ஆறும்போது கால் அசைஞ்சா உள்ள வெடிப்பு விழும், மேல சொரசொரன்னு ஆகும், அந்த ஜாயிண்ட் இன்னைக்கு வேலை செஞ்சு நாளைக்கு நிக்கும்.

நல்ல ஜாயிண்ட்ல ஓரம் பேடோட சாய்வா கலந்து போகும், கால் நுனி வெளிய தெரியும். ஐபிசி-ஏ-610னு இண்டஸ்ட்ரில ஒரு தரக் கணக்கு இருக்கு, அதுலயும் ஈயம் பேடைத் தொடுற கோணம் பொதுவா 90 டிகிரியைத் தாண்டக் கூடாது. உருண்டைன்னாலே அந்தக் கோணம் தாண்டிருச்சுன்னு தான் அர்த்தம்.

தம்பி, எந்த ஈயக் கம்பி, என்ன அயர்ன், டிப் எப்படி இருக்கு? இது மூணும் சொல்லுங்க.

மின்மினி_பையன்
அக்கா, அயர்ன் 25 வாட், டெம்பரேச்சர் செட்டிங் எதுவும் இல்ல, பிளக்ல சொருகினா சூடாகும் அவ்ளோதான். நுனி கூரா பென்சில் மாதிரி இருக்கு, முழுக்க கருப்பா ஆயிடுச்சு, ஈயம் அதுல ஒட்டவே மாட்டேங்குது. கம்பி கிட்டோட வந்தது, லேபிள்ல 99.3, 0.7னு போட்டிருக்கு. ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் ரொம்ப நேரம் வச்சு அழுத்த வேண்டி இருந்துச்சு. எல்இடி எல்லாம் சரியான பக்கம் தான் மாட்டியிருக்கு அண்ணா, பாத்துட்டேன். 5வது 6வது கால் நடுவுல நிஜமாவே ஈயம் சேர்ந்திருக்கு!! 14வது கால் பாக்க நல்லா தான் இருக்கு, உருண்டையா பளபளன்னு.

பழைய_ரேடியோ
பளபளன்னு இருக்கிற உருண்டையை நம்பாதீங்க. அதுக்கு அப்புறம் வரேன், முதல்ல கம்பி.

99.3, 0.7ன்னா டின்னும் காப்பரும் மட்டும், லெட் (காரீயம்) இல்லாத கம்பி. அது 227 டிகிரி செல்சியஸ்ல உருகும். 63/37ன்னு வர்ற லெட் கலந்த கம்பி 183லயே உருகும், அதோட அது ஒரே சூட்டுல சட்டுன்னு உருகி சட்டுன்னு இறுகும், நடுவுல கூழ் மாதிரி நிக்கிற கட்டமே கிடையாது, அதனால கால் அசைஞ்சு கெடற வாய்ப்பு குறைவு. 44 டிகிரி வித்தியாசம் காகிதத்துல சின்னது, 25 வாட் அயர்ன்ல கருப்பு டிப்போட முதல் தடவை பண்றவங்களுக்கு அது ரொம்பப் பெருசு. 2006 ஜூலையில ஐரோப்பால ரோஸ் சட்டம் அமலுக்கு வந்ததுல இருந்து விக்கற சாமான்ல லெட் கூடாதுன்னு ஆயிடுச்சு, கிட் போடறவங்களும் அதே கம்பியை வைக்கறாங்க. சட்டம் நியாயமானது தான், நான் குறை சொல்லல. ஆனா கத்துக்கற கைக்கு 63/37 தான் நல்லதுன்னு நான் இன்னமும் சொல்வேன்.

இன்னொரு விஷயம், லெட் இல்லாத ஈயம் நல்லா பிடிச்சிருந்தாலும் கொஞ்சம் மங்கலா தான் தெரியும். அதனால மங்கலா இருக்குன்னு மட்டும் வச்சு டிரை சால்டர்னு முடிவு பண்ணாதீங்க. ஓரத்தைப் பாருங்க, பேடோட கலந்திருக்கா இல்ல உருண்டு நிக்குதான்னு.

கம்பி_வலை
லெட் இல்லாத ஜாயிண்ட் மேல 63/37 வச்சு ரிப்பேர் பண்ணலாமா அண்ணா? கலக்கக் கூடாதுன்னு சிலர் சொல்றாங்களே.

பழைய_ரேடியோ
வீட்டுல பண்ற கிட்டுக்கு பண்ணலாம், ஆனா பழையதும் புதுசும் முழுக்க உருகி ஒண்ணா கலக்கணும், மேல மட்டும் புதுசு பூசின மாதிரி இருக்கக் கூடாது. முடிஞ்சா பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துட்டு புதுசு வைக்கிறது இன்னும் சுத்தம். கண்டிப்பா கலக்கக் கூடாதது பிஸ்மத் உள்ள லோ டெம்பரேச்சர் ஈயத்தோட லெட் உள்ளதை. டின், லெட், பிஸ்மத் மூணும் சேர்ந்தா 96 டிகிரி பக்கத்துலயே உருகற ஒரு கலவை உள்ள உண்டாகும், லேசா சூடாகற பார்ட்ஸ் பக்கத்துல இருந்தாலே ஜாயிண்ட் பலம் போயிடும்.

வேகமா_முடி
சரி ஈயம் விஷயம் ஒத்துக்கறேன். டிப் கருப்பா இருந்தா எமரி ஷீட் போட்டு ஒரு தேய் தேய்ச்சா போதும், பளபளன்னு ஆயிடும்.

லேப்_அக்கா
தயவுசெஞ்சு தேய்க்காதீங்க தம்பி!! முன்னாடி வந்த வெறும் காப்பர் டிப்பை அரம் போட்டுத் தேய்ப்பாங்க, அது சரி தான். இப்ப வர்ற டிப் உள்ள காப்பர், மேல இரும்பு பூச்சு. அந்த இரும்பு போச்சுன்னா உள்ள இருக்கிற காப்பரை ஈயம் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுத் தின்னுடும், டிப் குழி விழுந்துடும். கருப்பு டிப்பை காப்பாத்தற வழி: சூடாக்கி, பித்தளை சுருள்ல சுத்தி சுத்தி குத்தி எடுங்க, உடனே ஃப்ளக்ஸ் உள்ள கம்பியை நுனியில நிறைய உருக்குங்க, மறுபடி சுருள்ல துடைங்க, மறுபடி ஈயம். வெள்ளி மாதிரி ஆகற வரைக்கும். அதுக்கும் மசியலன்னா டிப்பை மாத்துங்க, மாத்தும்போது கூர் டிப் வேணாம், உளி மாதிரி தட்டையா ஒரு ரெண்டு மில்லிமீட்டர் அகலத்துல வர்றதை வாங்குங்க. கூர் நுனி தொடற இடம் ஊசி முனை அளவு தான், அதுல சூடு எங்க இறங்கும்? அதனால தான் அழுத்தினீங்க, அழுத்தினதுல தான் பேட் தூக்கிருக்கு. நல்ல டிப்னா அழுத்தவே வேணாம், தொட்டா போதும். வேலை முடிஞ்சு அணைக்கும்போது நுனியில ஒரு சொட்டு ஈயம் விட்டுட்டு அணைங்க, அதைத் துடைக்க வேணாம்.

குழாய் ஒட்டறதுக்கு வர்ற ஆசிட் ஃப்ளக்ஸ் பக்கமே போயிடாதீங்க, அது போர்டுலயே தங்கி காப்பரை அரிக்கும்.

மின்மினி_பையன்
தட்டை டிப்பும் 63/37 கம்பியும் ரோசின் ஃப்ளக்ஸும் கிடைச்சுது. ரெண்டு ஐசியையும் சாக்கெட்ல இருந்து கழட்டி வச்சுட்டு பிரிட்ஜ் எடுத்தேன், ஃப்ளக்ஸ் விட்டு சுத்தமான டிப்பை ரெண்டு காலுக்கு நடுவுல வச்சு இழுத்தேன், மிச்ச ஈயம் டிப்போடயே வந்துடுச்சு, ஈயத்தை உறிஞ்சற காப்பர் பின்னல் விக் கூட தேவைப்படல. இப்ப 7, 8 தனித்தனியா எரியுது. ஆனா கை வச்சா ஓடுற பிரச்சனை அப்படியே இருக்கு. 14வது கால் ஜாயிண்ட்ல ஃப்ளக்ஸ் விட்டு நல்லா உருக்கினேன், பேட் முழுக்க அழகா பரவிடுச்சு, அப்பவும் அதே தான். மல்டிமீட்டரை பஸ்ஸர்ல வச்சு 14வது பேட்ல இருந்து 555 மூணாவது பேடுக்கு பாத்தா பீப் வருது! அப்ப ஜாயிண்ட் நல்லா தானே இருக்கு?

பழைய_ரேடியோ
நீங்க அளந்தது பேட்ல இருந்து பேடுக்கு. அதுல தெரியறது நடுவுல உள்ள காப்பர் கோடு நல்லா இருக்குங்கறது மட்டும் தான். ஈயம் காலைப் பிடிச்சிருக்கான்னு அது சொல்லாது. பழைய டிவி ரிப்பேர்ல இது தான் ஆளை ரொம்ப ஏமாத்தும், புரோபை ஜாயிண்ட் மேல அழுத்தினா அழுத்தற வேகத்துக்கே கால் போய் தொட்டு பீப் வந்துடும், எடுத்தா மறுபடி கட்.

மேல் பக்கத்துல இருந்து அளங்க. பேட்டரி கழட்டியிருக்கணும், ஐசி ரெண்டும் வெளிய இருக்கணும். வெட்டிப் போட்ட ரெசிஸ்டர் கால் ரெண்டு எடுத்து ஒண்ணை 4017 சாக்கெட்டோட 14வது ஓட்டையில சொருகுங்க, இன்னொண்ணை 555 சாக்கெட்டோட 3வது ஓட்டையில. அது ரெண்டுலயும் புரோபை வைங்க. பீப் வரலன்னா சாக்கெட்டை பக்கவாட்டுல இருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

மின்மினி_பையன்
அண்ணா பீப் வரல. டார்ச் அடிச்சுப் பாத்தேன், 14வது கால் ஓட்டைக்குள்ள போகவே இல்ல!! சாக்கெட்டுக்கு அடியில உள்பக்கமா மடங்கி படுத்திருக்கு. அடியில வெறும் ஈயம் மட்டும் ஓட்டையை மூடிக்கிட்டு உருண்டையா இருந்திருக்கு.

பழைய_ரேடியோ
அதே தான். இதுக்குத்தான் கால் நுனி வெளிய தெரியணும்னு அக்கா சொன்னாங்க. ஈயத்தைக் கொட்டி உருண்டையா வச்சா உள்ள கால் இருக்கா இல்லையான்னே யாருக்கும் தெரியாது. @வேகமா_முடி இன்னும் எத்தனை தடவை ஈயம் வச்சிருந்தாலும் இது சரியாகியிருக்காது பாருங்க.

இப்ப எப்படிக் கழட்டறதுங்கறது முக்கியம். பதினாறு காலையும் ஒண்ணா உருக்கி சாக்கெட்டை முழுசா எடுக்கணும்னு முயற்சி பண்ணாதீங்க, பேட் வரிசையா பிய்ஞ்சு வரும். சாக்கெட்டைக் காப்பாத்த வேணாம், போர்டைக் காப்பாத்தணும். சைடு கட்டரால மேல இருந்து சாக்கெட் பிளாஸ்டிக்கை துண்டு துண்டா வெட்டி எடுங்க, காலுங்க மட்டும் தனித்தனியா நிக்கும். கண்ணாடி போட்டுக்கோங்க, துண்டு தெறிக்கும். அப்புறம் ஒவ்வொரு காலா மேல ட்வீசரால பிடிச்சுக்கிட்டு அடியில அயர்ன் வைங்க, ஈயம் இளகினதும் கால் தானா வரும். வரலன்னா இழுக்காதீங்க, ஈயம் இன்னும் இளகலன்னு அர்த்தம், ஃப்ளக்ஸ் விட்டு கொஞ்சம் புது ஈயம் சேத்து மறுபடி பண்ணுங்க. காலி ஓட்டையில மிஞ்சின ஈயத்தை சக்கர் வச்சு உறிஞ்சுங்க. ஓட்டையில ஈயம் ரொம்பக் கொஞ்சமா இருந்தா சக்கர் இழுக்காது, அப்ப புதுசா ஈயம் வச்சு நிரப்பிட்டு உருகி இருக்கும்போதே இழுங்க, மொத்தமா வந்துடும்.

லேப்_அக்கா
புது சாக்கெட் வைக்கும்போது ஈயம் வைக்கிறதுக்கு முன்னாடி போர்டைத் திருப்பி பதினாறு கால் நுனியும் வெளிய தெரியுதான்னு எண்ணிடுங்க. வெட்டுக்குறி போர்டு படத்துல எந்தப் பக்கம் இருக்கோ அதே பக்கம். மூலைக்கு மூலை ரெண்டு கால் மட்டும் முதல்ல வச்சு, சாக்கெட் போர்டோட ஒட்டி உக்காந்திருக்கான்னு பாத்துட்டு மத்ததை வைங்க. பக்கத்து பக்கத்து காலா வரிசையா போகாம மாத்தி மாத்தி வச்சா ஒரே இடம் ரொம்ப சூடாகாது.

4வது எல்இடிக்கு: தூக்கின பேடை மறுபடி ஒட்ட வைக்க முடியாது, அதை நம்பவும் வேணாம். பேட் காப்பர் கோட்டோட சேர்ற கழுத்து இடத்தை லென்ஸ் வச்சுப் பாருங்க, மெல்லிசா ஒரு வெடிப்பு இருக்கும். அந்தக் கோட்டை கொஞ்ச தூரம் தொடர்ந்து போய் ஒரு அஞ்சு மில்லிமீட்டர் நீளத்துக்கு மேல இருக்கிற பச்சைப் பூச்சை பிளேடு நுனியால மெதுவா சுரண்டி காப்பரை வெளிய எடுங்க. வெறும் காப்பருக்கு முதல்ல லேசா ஈயம் பூசுங்க. எல்இடி காலை வெட்டாம விட்டிருந்தா அதையே மடக்கி அந்தக் கோட்டு மேல படுக்க வச்சு சால்டர் பண்ணலாம், வெட்டியாச்சுன்னா ரெசிஸ்டர் வெட்டுக் கால் ஒரு துண்டு போதும். பக்கத்து கோட்டைத் தொடாம பாத்துக்கோங்க. இப்படிப் பண்ண ஜாயிண்ட் பழைய பேடை விட உறுதியா நிக்கும்.

கம்பி_வலை
ஒரு கேள்வி, லெட் உள்ள கம்பின்னா புகையில லெட் வருமா? வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க.

லேப்_அக்கா
சால்டர் பண்ற சூட்டுல லெட் ஆவியாகாது. நீங்க பாக்கற புகை ரோசின் ஃப்ளக்ஸோடது. ஆனா அதுவும் சாதாரணம் இல்ல, தொடர்ந்து மூச்சுல போனா ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோகும், ஜன்னலைத் திறந்து வச்சு ஒரு சின்ன ஃபேனை புகை முகத்துக்கு வராத பக்கமா வைங்க. லெட் உள்ள போறது கை வழியா. முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவணும், மேஜையை ஈரத்துணியால துடைக்கணும், உதிர்ந்த ஈயத் துளி எதுவும் பிள்ளைங்க கைக்கு எட்டற இடத்துல கிடக்கக் கூடாது. இதுல மட்டும் அசட்டை வேண்டவே வேண்டாம்.

மின்மினி_பையன்
ஓடுதுண்ணா!! ஓடுதுக்கா!! சாக்கெட்டை வெட்டித்தான் எடுத்தேன், 11வது கால் மட்டும் வர மாட்டேன்னு அடம் புடிச்சுது, புது ஈயம் சேத்ததும் சுலபமா வந்துடுச்சு. புது சாக்கெட்ல பதினாறு நுனியும் எண்ணிட்டுத் தான் ஈயம் வச்சேன். 4வது எல்இடிக்கு வெட்டுக் கால் துண்டு வச்சு கோடு போட்டாச்சு. பத்தும் வரிசையா ஓடுது, கை பக்கத்துல போனா எந்த மாற்றமும் இல்ல, பிரீசெட் (திருகி மாத்தற குட்டி ரெசிஸ்டர்) திருப்பினா வேகம் கூடுது குறையுது. சந்தேகமா இருந்த உருண்டை ஜாயிண்ட் எல்லாத்தையும் ஃப்ளக்ஸ் விட்டு ஒவ்வொண்ணா சரி பண்ணேன், நல்லா இருந்ததைத் தொடல.

ஒரே ஒரு சந்தேகம், பேட்டரி வயரை அசைச்சா மட்டும் ஒரு செகண்ட் அணைஞ்சு மறுபடி வருது. அந்த ஜாயிண்ட் பாக்க நல்லா தான் இருக்கு, ஓரம் எல்லாம் பேடோட கலந்திருக்கு.

பழைய_ரேடியோ
சந்தோஷம் தம்பி. வயர் விஷயத்துல ஜாயிண்ட் நல்லா இருந்தும் கட் ஆகும். பிரிப்பிரியான வயர்ல ஈயம் உள்ள ஊறின இடம் விறைப்பா ஆயிடும், ஊறாத இடம் வளையும், ரெண்டும் சேர்ற எல்லையில தான் இழைங்க ஒவ்வொண்ணா உடையும். ஸ்லீவுக்குள்ள உடையறதால வெளிய தெரியாது. வயரை ரெண்டு விரலால பிடிச்சு ஜாயிண்ட்ல இருந்து கொஞ்சம் தள்ளி மெதுவா வளைச்சுப் பாருங்க, எந்த இடத்துல அணையுதுன்னு தெரிஞ்சுடும். அந்த இடத்துக்கு மேல வெட்டிட்டு புதுசா சீவி, இழையை முறுக்கி, நுனியில மட்டும் லேசா ஈயம் பூசி மறுபடி வைங்க. போர்டுல வயர் நுழையறதுக்குன்னு பெரிய ஓட்டை ஏதாவது பக்கத்துல இருந்தா வயரை முதல்ல அது வழியா விட்டு அப்புறம் பேடுக்குக் கொண்டுவாங்க, இழுப்பு ஜாயிண்டுக்குப் போகாது. ஓட்டை இல்லன்னா ஹாட் குளூ ஒரு சொட்டு, ஈயத்து மேல இல்ல, ஸ்லீவ் இருக்கிற இடத்துல.

மின்மினி_பையன்
சிவப்பு வயர்ல ஸ்லீவுக்குள்ள தான் உடைஞ்சிருக்கு அண்ணா, வளைக்கும்போது அந்த இடம் மட்டும் லொடலொடன்னு இருக்கு. கருப்பையும் சேத்து வெட்டி புதுசா வச்சுடறேன். ஓரத்துல ஓட்டை ஒண்ணு சும்மா இருக்கு, எதுக்குன்னே தெரியாம இருந்துச்சு, அது வழியாவே விட்டுடறேன்.